ஒரு நெஞ்சு சி.டி. எத்தனை எக்ஸ்ரேக்குச் சமம்?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தில்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம், லேசான தொற்றுக்கெல்லாம் அதை எடுக்காதீர்கள் என்றார். இந்திய கதிரியக்க மருத்துவர்கள் சங்கம் உடனே மறுத்தது. இன்றைய மிகக் குறைந்த டோஸ், அதாவது கதிர்வீச்சு அளவு, கொண்ட ஸ்கேன் 5 முதல் 10 எக்ஸ்ரேக்குத்தான் சமம் என்றது. வடசென்னையின் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் டாக்டர் சீட்டோடு ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பவர் இதில் எதை நம்புவார்?

இரண்டு கணக்குமே சரியாக இருக்கலாம். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். வழக்கமான அமைப்பில் எடுத்த நெஞ்சு சி.டி. 5 முதல் 7 மில்லிசீவர்ட் வரை போகும். 6-ஐ 0.02-ஆல் வகுத்தால் 300 வந்துவிடுகிறது. அதே நெஞ்சை, எக்ஸ்ரே குழாயின் முன்னால் தகரத் தகடு வடிகட்டி உள்ள புதிய இயந்திரத்தில் மிகக் குறைந்த டோஸில் எடுத்தால் 0.1 முதல் 0.2 மில்லிசீவர்ட், அது 5 முதல் 10 எக்ஸ்ரே. நடுவில், ஒரு சுற்றில் 16 குறுக்குவெட்டுப் படங்கள் எடுக்கும் நம் ஊர் 16 ஸ்லைஸ் இயந்திரத்திலேயே அக்கறையோடு எடுத்தால் 1 முதல் 1.5 மில்லிசீவர்ட்டுக்குள் முடிக்கலாம். அது 50 முதல் 75 எக்ஸ்ரே. ஒப்பிட்டுப் பார்க்க, மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதர் மேல் இயற்கையாகவே விழும் கதிர்வீச்சின் உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்.

ஆக, "சி.டி. ஸ்கேனுக்கு எவ்வளவு கதிர்வீச்சு?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. "இந்த ஸ்கேனுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பதில் உண்டு. அது இயந்திரத்தை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் கையிலும், அவருக்கு அமைப்பை எழுதிக்கொடுத்த, படத்தைப் படித்து ரிப்போர்ட் தரும் ரேடியாலஜிஸ்ட் கையிலும் இருக்கிறது. வைரஸ் நுரையீரல் தொற்றைப் பொறுத்தவரை அந்த அளவை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தாலும் பார்க்க வேண்டியது தெரியும்.

முதலில், எடுக்கத்தான் வேண்டுமா

எடுக்காத ஸ்கேனின் டோஸ் பூஜ்யம். இதைவிடப் பெரிய சேமிப்பு எந்த இயந்திரத்திலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொன்னது: அறிகுறி இல்லாதவருக்கு கொரோனாவா என்று கண்டுபிடிக்க நெஞ்சுப் படம் தேவையில்லை, அறிகுறி இருந்து, ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு நேரத்துக்குக் கிடைக்குமானால் அப்போதும் தேவையில்லை. பரிசோதனை தாமதமாகும்போதோ, முடிவு நெகட்டிவ் என்று வந்தும் சந்தேகம் பலமாக இருக்கும்போதோதான் படத்துக்கு வேலை.

காய்ச்சல் வந்த மறுநாளே ஸ்கேன் எடுப்பதில் இன்னொரு கோளாறு உண்டு. அறிகுறி தொடங்கிய முதல் இரண்டு நாட்களில் கொரோனா நோயாளிகளில் பாதிப் பேருக்கு நுரையீரல் சுத்தமாகவே தெரியும். புள்ளிகளும் மங்கலும் பெருகி உச்சத்துக்கு வருவது ஏறத்தாழ பத்தாம் நாள். முதல் நாள் எடுத்த "நார்மல்" ரிப்போர்ட்டை நம்பி ஒருவர் வீட்டில் படுத்திருப்பார், ஆறாம் நாள் மூச்சு வாங்கும், மறுபடி ஸ்கேன். முதல் ஸ்கேனால் கிடைத்தது கதிர்வீச்சும் தவறான நிம்மதியும்தான்.

ரிப்போர்ட்டில் வரும் 25-க்கு இத்தனை என்ற ஸ்கோரையும் இங்கே சொல்ல வேண்டும். நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 மதிப்பெண் வைத்து, எவ்வளவு இடம் பாதித்திருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டுப் போடும் எண் அது. ஸ்கோர் குறைந்ததா என்று பார்ப்பதற்காக மட்டும் ஒரு வாரத்தில் இன்னொரு ஸ்கேன் எடுப்பதால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. மாற்றுவது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் எண், மூச்சு வேகம், நடந்தால் ஆக்சிஜன் இறங்குகிறதா என்பவை. படுக்கையில் இருப்பவருக்கு நாளுக்கு நாள் பார்க்க மொபைல் எக்ஸ்ரே போதும். ஆக்சிஜன் திடீரென்று இறங்கினால், ரத்தக்கட்டி நுரையீரல் குழாயை அடைத்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், அப்போது ஸ்கேன் கட்டாயம். ஆனால் அது டை ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம், அமைப்பே வேறு. சாதாரண ஸ்கேனை எடுத்துவிட்டு "டையும் போட்டுப் பார்க்கலாமே" என்று இன்னொரு சுற்று ஓட்டினால் டோஸ் இரட்டிப்பாகும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை மருத்துவர் சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் இது நடக்காது. "எச்.ஆர்.சி.டி. செஸ்ட்", அதாவது நுணுக்கமான நெஞ்சு சி.டி., என்று மட்டும் எழுதிய சீட்டில் அந்தக் கேள்வி இல்லை.

ஏன் குறைத்தாலும் தெரிகிறது

ஈரலில் ஒரு சிறு கட்டியைத் தேடுவதும் நுரையீரலில் நிமோனியாவைத் தேடுவதும் ஒன்றல்ல. ஈரலுக்கும் கட்டிக்கும் அடர்த்தி வித்தியாசம் சொற்பம். நுரையீரலோ காற்று நிரம்பிய பஞ்சு, சி.டி. அளவுகோலில் அது மைனஸ் 850 பக்கம் இருக்கும். வைரஸ் தொற்றில் தேய்த்த கண்ணாடி போல் வரும் மங்கல் மைனஸ் 700-க்கும் 500-க்கும் இடையில் நிற்கும். நூற்றுக்கணக்கான எண்கள் வித்தியாசம் இருப்பதால், படத்தில் கொஞ்சம் மணல் தூவினாற்போல் இருந்தாலும் மங்கல் மறையாது.

அந்த மணலுக்குப் பெயர் நாய்ஸ். டோஸைப் பாதியாக்கினால் நாய்ஸ் இரட்டிப்பாகிவிடாது, 1.4 மடங்குதான் ஆகும். நான்கில் ஒன்றாக்கினால்தான் இரண்டு மடங்கு. நுரையீரல் தெளிவாகத் தெரியும்படி திரையின் வெளிச்சத்தை அமைத்த நுரையீரல் ஜன்னலில் பார்க்கும்போது இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. இதயத்தையும் நிணநீர்க் கணுக்களையும் பார்க்கும் மென்திசு ஜன்னலில் மணல் கண்ணை உறுத்தும். அதற்கு 1 மில்லிமீட்டர் படத்தை விட்டுவிட்டு 3 அல்லது 5 மில்லிமீட்டர் தடிப்பில் மறுபடி கோத்துப் பார்த்தால் போதும். கோர்ப்பது கணினி செய்யும் வேலை. நோயாளி மேல் மறுபடி கதிர் பாய்ச்சத் தேவையில்லை.

எச்.ஆர். என்றால் அதிகக் கதிர் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய ஸ்லைஸும், ஓரங்களைக் கூர்மையாக்கிக் காட்டும் நுரையீரல் கெர்னல் என்ற கணினி வடிகட்டியும் ஒரே ஓட்டத்தில் கிடைத்த தரவிலிருந்து செய்துகொள்ளும் படங்கள்தாம். "பிளெய்ன் ஒன்று, எச்.ஆர். ஒன்று" என்று இரண்டு முறை ஓட்டுவதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை.

கன்சோலில்

இயந்திரம் வந்து இறங்கும்போது அதில் இருக்கும் வழக்கமான செஸ்ட் புரோட்டோகால், அதாவது நெஞ்சுக்கான அமைப்புத் தொகுப்பு, புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் உதவும்படி செய்யப்பட்டது. எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் ஏறத்தாழ 120 கே.வி., மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு 150 எம்.ஏ.எஸ்., ஒரு குறுக்குவெட்டில் விழும் கதிர் அளவைக் காட்டும் சிடிடிஐ 10 மில்லிகிரே. 35 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓட்டினால், சிடிடிஐயை நீளத்தால் பெருக்கிய டி.எல்.பி. 350. அதை நெஞ்சுக்கான மாற்று எண்ணான 0.014-ஆல் பெருக்கினால் 4.9 மில்லிசீவர்ட். வைரஸ் நிமோனியாவுக்கென்று தனி புரோட்டோகாலைச் சேமித்து அதற்குப் பெயர் வைப்பதுதான் முதல் வேலை. நடுத்தர உடம்புக்காரருக்கு 120 கே.வி.யில் 40 எம்.ஏ.எஸ்., அல்லது 100 கே.வி.யில் 50 முதல் 60 எம்.ஏ.எஸ். என்று தொடங்கலாம். சிடிடிஐ 2 முதல் 3-க்குள் நிற்கும். 32 சென்டிமீட்டர் ஓட்டினால் டி.எல்.பி. 80 அளவு, மில்லிசீவர்ட் கணக்கில் 1.1. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்கு வைத்திருக்கும் உச்சவரம்பும் நடுத்தர உடம்புக்கு 3 மில்லிகிரேதான்.

எம்.ஏ.எஸ். நேர்க்கணக்கு: பாதியாக்கினால் டோஸும் பாதி. கே.வி. அப்படி இல்லை. எம்.ஏ.எஸ். மாறாமல் 120-லிருந்து 100-க்கு இறக்கினாலே டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தானாக மின்னோட்டத்தை ஏற்றி இறக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கே.வி.யைக் குறைத்ததும் படம் மணலாகிவிடுமே என்று இயந்திரம் எம்.ஏ.வை, அதாவது மின்னோட்டத்தை, கூட்டிக்கொள்ளும். கே.வி. 100 என்று திரையில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். டோஸ் எதிர்பார்த்த அளவு இறங்கியிருக்காது. தரக் குறியீட்டையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். ஜிஇ இயந்திரத்தில் அது நாய்ஸ் இண்டெக்ஸ், சீமென்ஸில் ரெஃபரன்ஸ் எம்.ஏ.எஸ்., கேனானில் எஸ்.டி., பிலிப்ஸில் டோஸ்ரைட் இண்டெக்ஸ். சீமென்ஸிலும் பிலிப்ஸிலும் எண்ணைக் குறைத்தால் டோஸ் குறையும். ஜிஇயிலும் கேனானிலும் எண்ணைக் கூட்டினால்தான் குறையும். ஒரு சென்டரில் பழகி இன்னொரு சென்டருக்கு வேலைக்கு மாறும் டெக்னீஷியன் தடுமாறும் இடம் இதுதான்.

நாய்ஸ் இண்டெக்ஸ் வைத்திருக்கும் இயந்திரத்தில் இன்னொரு பெரிய பொறி. ஓட்டத்தில் கிடைத்த தரவிலிருந்து கணினி படம் கோர்ப்பதை ரீகன்ஸ்ட்ரக்ஷன், சுருக்கமாக ரீகான், என்பார்கள். அந்த எண் முதல் ரீகன்ஸ்ட்ரக்ஷனின் ஸ்லைஸ் தடிப்போடு கட்டப்பட்டது. 5 மில்லிமீட்டருக்குப் பொருத்தமாக வைத்த எண்ணை மாற்றாமல், மெல்லிய படம் வேண்டும் என்று முதல் ரீகானை 0.625 மில்லிமீட்டராக மாற்றினால், எட்டில் ஒரு பங்கு தடிப்பிலும் அதே வழவழப்பு வேண்டும் என்று இயந்திரம் புரிந்துகொள்ளும். எட்டு மடங்கு டோஸ் கேட்கும்; எம்.ஏ. உச்சவரம்பு எங்கே தடுக்கிறதோ அங்கேதான் நிற்கும். திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், படமும் பளிச்சென்று வரும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முதல் ரீகானை 5 மில்லிமீட்டரிலேயே விட்டு, மெல்லிய படத்தை இரண்டாவது ரீகானாகப் போட வேண்டும். எம்.ஏ. உச்சவரம்பையும் கையால் குறைத்து வைப்பது நல்லது.

படத்தைக் கணினி திரும்பத் திரும்பத் திருத்திக் கோர்க்கும் ஐடரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்ஷன் வசதி உள்ள இயந்திரங்களில் அதை இயக்கினால் டோஸ் குறைந்துவிடும் என்று விற்பனைப் பேச்சில் சொல்வார்கள். அது நாய்ஸைத் துடைக்கும், அவ்வளவுதான். துடைத்ததால் கிடைத்த இடத்தில் எம்.ஏ.வை இறக்குவது மனிதர் செய்ய வேண்டியது. அளவுக்கு மீறித் துடைத்தாலும் வம்பு: படம் பிளாஸ்டிக் போல் வழவழத்து, மெல்லிய மங்கலின் ஓரம் கரைந்துபோகும். நடு அளவில் நிறுத்துவது பாதுகாப்பு.

கனமான உடம்புக்கு 100 கே.வி. போதாது. 90 கிலோவுக்கு மேற்பட்டவரை 120-லேயே எடுங்கள். குறைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் பயன்படாத படம் எடுத்து மறுபடி ஓட்டினால், இரண்டு டோஸும் அவர் கணக்கில்தான் ஏறும்.

டோஸ் ஏறிக்கொண்டே போவதற்கு ஒரு மனிதக் காரணமும் உண்டு. மணலான படம் வந்தால் அனுப்பிய டாக்டர் போன் போட்டு "படம் சரியில்லையே" என்பார். தேவைக்கு நான்கு மடங்கு டோஸில் பளிங்கு மாதிரி வந்தால் யாரும் போன் போடுவதில்லை. இப்படியே எம்.ஏ.எஸ். மாதத்துக்குக் கொஞ்சமாக மேலே நகர்ந்துவிடும். இதை நிறுத்தக்கூடியவர் ரேடியாலஜிஸ்ட் ஒருவரே. "குறைந்த டோஸில் எடுக்கப்பட்டது, நுரையீரலை மதிப்பிடப் போதுமான தரம்" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினால், டெக்னீஷியனுக்கு முதுகில் கை வைத்த தைரியம் வரும்.

மேசையில்

இயந்திரத்தின் வளையமான கேன்ட்ரியின் நடுமையத்தில் உடம்பு படுக்க வேண்டும். அவசரத்தில் மேசையை ஏற்றாமலோ அதிகம் ஏற்றியோ விட்டால், எக்ஸ்ரே கற்றையை வடிவமைக்கும் போ-டை வடிகட்டியின் மெல்லிய நடுப்பகுதி நெஞ்சுக்கு நேராக நிற்காது. 6 சென்டிமீட்டர் விலகினால் தோல்பக்க டோஸ் 40 சதவீதம் வரைகூடக் கூடலாம். ஸ்கேனுக்கு முன் எடுக்கும் முன்னோட்டமான ஸ்கவுட் படத்தில் எக்ஸ்ரே குழாய்க்குப் பக்கமாக இருக்கும் உடம்பு பெரிதாகத் தெரிவதால், பருமனான ஆள் என்று நினைத்து இயந்திரம் எம்.ஏ.வையும் கூட்டும். லேசர் கோடு அக்குளின் நடுக்கோட்டில் விழுகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்க்க ஐந்து நொடி போதும். ஸ்கவுட்டைக் குழாய் மேசைக்குக் கீழே இருக்கும்படி எடுத்தால் மார்பகத்துக்கும் தைராய்டுக்கும் விழும் அளவு குறையும்.

கைகள் தலைக்கு மேல். பக்கத்தில் கிடந்தால் இரண்டு கை எலும்பையும் தாண்டிப் போக வேண்டும் என்று எம்.ஏ. ஏறும், படத்தில் கோடுகளும் விழும். மூச்சுத்திணறலில் கையைத் தூக்க முடியாதவருக்கு, வயிற்றின் மேல் தலையணை வைத்து அதன்மேல் கைகளைக் கோத்துவிடலாம். சங்கிலி, தாலிக்கொடி, உலோகக் கொக்கி, ஆக்சிஜன் குழாயின் இணைப்பு எல்லாவற்றையும் ஸ்கவுட்டுக்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.

நீளம்: நுரையீரல் நுனிக்குச் சற்று மேலிருந்து, கீழ் ஓரக் கோணத்தைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை. அதற்குக் கீழே சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி வரை இழுப்பது புற்றுநோய் ஸ்கேனின் பழக்கம். வழக்கமான 10 மில்லிகிரே அமைப்பில் வெறும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக ஓட்டினால் 1.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. குறைந்த டோஸில் ஒரு முழு நெஞ்சையே எடுத்துவிடக்கூடிய அளவு அது.

மூச்சுக்கு நேரம் செலவிட வேண்டும். வைரஸ் நிமோனியா ஸ்கேன் கெட்டுப்போகப் பெரிய காரணம் இதுதான். மூச்சு முழுதாக உள்ளே போகாமல் எடுத்தால் நுரையீரல் சுருங்கி, முதுகுப்பக்கம் அடர்ந்து, இல்லாத மங்கல் இருப்பதுபோல் தெரியும். நடுவில் மூச்சு விட்டால் படம் இரட்டையாகும். இரண்டிலும் மறுபடி எடுக்க வேண்டிவரும். இயந்திரத்தில் பதிந்து வரும் ஆங்கிலக் குரலுக்கு ராயபுரத்துப் பாட்டி என்ன செய்வார்? "மூச்ச நல்லா உள்ள இழுங்க, அப்டியே புடிங்க, இப்ப வுடுங்க" என்று டெக்னீஷியன் தன் குரலிலேயே பதிந்து வைக்கலாம். பெரும்பாலான இயந்திரங்களில் அந்த வசதி உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்களும், சௌகார்பேட்டையின் இந்தி, மார்வாரி பேசுவோரும், மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பிகார்த் தொழிலாளர்களும் உள்ள பகுதி இது. தெலுங்கிலும் இந்தியிலும் ஒவ்வொரு பதிவு வைத்திருப்பது ஆடம்பரம் ஆகாது. மேசையில் படுத்த பிறகு, கதிர் பாயும் முன், இரண்டு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். 16 ஸ்லைஸில் 10 நொடி வரை ஆகும். அதைப் பிடிக்க முடியாதவருக்குப் ஒரு சுழற்சிக்கு மேசை நகரும் அளவைக் குறிக்கும் பிட்ச்சை 1.4 பக்கம் கூட்டி, சுழற்சியை 0.5 நொடியாக்கி நேரத்தைச் சுருக்கலாம். கீழ் மடல்கள்தான் அதிகம் பாதிக்கப்படும் இடம், மூச்சசைவும் அங்கேதான் அதிகம். அதனால் கீழிருந்து மேலாக ஓட்டினால், மூச்சு முட்டி விட்டுவிடும் நேரத்தில் கற்றை மேல் நுனிக்குப் போயிருக்கும்.

டோஸ் பக்கம்

ஒவ்வொரு ஸ்கேன் முடிவிலும் இயந்திரம் ஒரு பக்கம் தருகிறது. அதில் சிடிடிஐ என்றும் டி.எல்.பி. என்றும் இரண்டு எண்கள் இருக்கும். நோயாளி பார்க்க வேண்டியது டி.எல்.பி.; 0.014-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் கிடைக்கும். டை ஏற்றாத நெஞ்சு சி.டி.க்கு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வந்த ஒப்பீட்டு அளவு சிடிடிஐ 12 மில்லிகிரே, டி.எல்.பி. 443. நாலில் மூன்று ஸ்கேன்கள் இதற்குக் கீழேதான் இருந்தன. ஒரு சென்டரின் சராசரி இதைத் தாண்டினால் அமைப்பைத் திருத்தியாக வேண்டும். ஒரு தனி நோயாளிக்கு இது வரம்பு ஆகாது. பருமனானவருக்குக் கூடத்தான் செய்யும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் ஆண்டு வரம்புகள் ஊழியருக்கும் பொதுமக்களுக்கும் உரியவை. நோயாளிக்கு வரம்பு வைக்கவில்லை. தேவையா, தேவையான அளவுதானா என்ற இரண்டு கேள்விகளே அவருக்கான பாதுகாப்பு.

குழந்தையின் டோஸ் பக்கத்தைப் படிக்கும்போது கவனம் வேண்டும். அந்த சிடிடிஐ எண் 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளையில் அளந்தது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு உடம்பில் உண்மை அளவு அதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. திரையில் 3 என்று இருந்தால் பிள்ளை வாங்கியது 5-க்கு மேல். எடைக்கேற்ற தனி அமைப்பும் 80 கே.வி.யும் இல்லாத இடத்தில் குழந்தைக்கு ஸ்கேன் எடுக்காமல், அவை உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவதே நியாயம்.

கர்ப்பிணிக்கு உண்மையிலேயே தேவை என்றால் பயத்தால் தள்ளிப்போடக் கூடாது. கற்றை நெஞ்சில் விழுகிறது. கருவுக்குப் போவது உள்ளே சிதறிய மிச்சம் மட்டும், 1 மில்லிகிரேக்கும் கீழே. கருவுக்குக் கேடு பற்றிய கவலை தொடங்கும் அளவு 50 மில்லிகிரேக்கு மேல். வயிற்றில் ஈயத் துணி போர்த்தும் பழக்கத்தை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. உள் சிதறலை அது தடுக்காது. ஓரம் கற்றைக்குள் நுழைந்துவிட்டால் இயந்திரம் எம்.ஏ.வைக் கூட்டிவிடும்.

வடசென்னையில் பழைய டி.பி. வடுவோடு வாழ்பவர்கள் நிறையப் பேர். மேல் மடலில் சுருங்கிய வடு, சுண்ணாம்புப் புள்ளி எல்லாம் புதுத் தொற்றுபோல் குழப்பும். பழைய படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்; இல்லாவிட்டால் மறு ஸ்கேன் வரை போகும். டி.எச். ரோட்டில் ஓர் இடத்தில் எடுத்துவிட்டு மறுநாள் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகிறவர் கையில் இரண்டு ஃபிலிம் மட்டும் இருந்தால், அதில் மெல்லிய ஸ்லைஸ் கிடையாது, ஜன்னல் மாற்றிப் பார்க்கவும் முடியாது. குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ, டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய நுரையீரல் சீரிஸும் டோஸ் பக்கமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

குணமான பிறகு நுரையீரல் ஆறிவிட்டதா என்ற கவலைக்கும் அவசர ஸ்கேன் வேண்டாம். பிரிட்டன் நெஞ்சுநோய் மருத்துவர் சங்கம் கொரோனா நிமோனியாவுக்குச் சொன்ன வழி, 12 வாரம் கழித்து ஓர் எக்ஸ்ரே. அதில் மிச்சம் தெரிந்தாலோ மூச்சு வாங்குவது நிற்காவிட்டாலோ சி.டி.; அதுவும் குறைந்த டோஸில். காற்று சிக்கி நிற்கிறதா என்று பார்க்க மூச்சை வெளியே விட்டு எடுக்கும் படம் தேவைப்பட்டால், முழு நெஞ்சையும் மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒற்றை ஸ்லைஸாக எடுத்தால் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.